கோத்தகிரி பக்கம் '1865' குட்டி வீடு: வாடகைக்கு எடுக்கலாமா?

சிங்காநல்லூரான் | ஜூலை 6, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். தேயிலைக்கு நடுவில் தனியாக ஒரு குட்டி வீடு நிற்கிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் கண்ணாடி அடைத்த நீளத் திண்ணை. கல் சுவர், மங்களூர் ஓடு, உள்ளே மரப்பலகை சீலிங், ரெட் ஆக்சைடு தரை. பெரிய அறையில் விறகு போட்டுக் குளிர்காயக் கணப்பு உண்டு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "இது 1865-ல துரை கட்டினது, ஓட்டுலயே போட்டிருக்கு பாருங்க" என்று வெளியே அடுக்கியிருந்த ஓட்டில் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், அடிப்பக்கத்தில் 1865 என்று புடைப்பாக இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வாடகை 16,000. முன்பணம் ஒன்றரை லட்சம். 11 மாத ஒப்பந்தம். வாரக்கடைசிக்கு வந்துபோக அல்ல, குடியிருக்கத்தான் கேட்கிறோம். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை, நான் வாரம் இரண்டு நாள் கோவை போய்வந்தால் போதும். கூட என் அம்மா இருப்பார். அவருக்கு வீசிங் தொந்தரவு உண்டு.

வாடகை நியாயமா? பழைய வீட்டில் வேறு என்ன பார்க்க வேண்டும்? மனைவி மனத்தளவில் குடிபோயே விட்டாள், அதனால் கொஞ்சம் அவசரம்.

சும்மா எட்டிப்பார்த்தேன் | ஜூலை 6, இரவு 10.31

வீடு 1865, வாடகை மட்டும் இந்த வருஷத்தது.

பழைய பாதை | ஜூலை 7, காலை 6.50

ஓட்டைப் பார்த்து வீட்டுக்கு ஜாதகம் எழுதக்கூடாது, நண்பரே.

1865 என்பது பாசல் மிஷன்காரர்கள் (சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள்) மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அந்த வருஷத்தை முத்திரை மாதிரி ஓட்டில் அச்சடித்துப் பல காலம் விற்றார்கள். மிட்டாய்க்கடைப் பலகையில் 'தொடக்கம்' என்று வருஷம் போடுவதில்லையா, அதே கதை. அந்த வருஷத்தை வைத்து மைசூர்பாகுக்கு வயது சொல்ல முடியுமா?

ஆனால் அதே ஓடு வேறொன்றைச் சொல்லும். வருஷத்தோடு என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பாசல் மிஷன் என்றிருந்தால் அநேகமாக முதல் உலகப்போருக்கு முந்தைய ஓடு. போர் வந்ததும் ஆங்கில அரசு அந்தத் தொழிற்சாலைகளைக் கையகப்படுத்தியது, பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. அந்தப் பெயர் இருந்தால் போருக்குப் பிறகு செய்த ஓடு. அதுவும் ஓட்டின் வயதுதான், சுவரின் வயதல்ல. கூரையை நடுவில் ஒரு தரம் பிரித்து மேய்ந்திருக்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் பழைய வீடு இருப்பதில் ஆச்சரியமில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி முதலில் இறங்கியதே அந்தப் பக்கம்தான். அவர் கட்டிய பங்களா கன்னேரிமுக்கில் இப்போதும் நிற்கிறது, பழுதுபார்த்துக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டிக் கல் பங்களா 1822-இல் தொடங்கியது, அதற்கும் பிந்தையது. குடிபோகும் முன் ஒரு நடை கன்னேரிமுக்குக்குப் போய், பழைய சுவர் எவ்வளவு தடிமன், ஜன்னல் எவ்வளவு உள்ளடங்கி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டைப் பாருங்கள்.

ஒரு உபரிச் செய்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஓடு ஏறியிருந்தால் மலைப்பாதையில் மாட்டு வண்டியில்தான் ஏறியிருக்கும்.

கொத்தனார் மகன் | ஜூலை 7, மதியம் 1.20

வருஷத்தை விடுங்கண்ணா. சுவரைத் தொட்டுப் பார்த்தீங்களா?

நான் குன்னூர். அப்பா நாற்பது வருஷம் இந்த மலையில் பழைய வீடு பழுதுபார்த்தவர், நான் சிவில் படித்துவிட்டு அதையே செய்கிறேன். அடுத்த முறை போகும்போது உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள். முதலில் தரை ஓரம், அப்புறம் முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு. எந்த உயரத்தில் ஈரச்சில்லிப்பு நின்று வெறும் குளிர் தொடங்குகிறதோ, அதுவரை ஓதம் ஏறியிருக்கிறது.

இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் கலவையில் எழுந்தவை. சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் போட்டு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சேர்ப்பார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். பிற்பாடு யாரோ ஒரு புண்ணியவான் 'பலமா இருக்கட்டும்' என்று அதன் மேல் சிமெண்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருப்பார். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும், விரலால் அமுக்கினால் உப்பு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டும். எங்கே அப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டின் பின்பக்கம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் வருஷா வருஷம் மேலிருந்து மண் சரிந்து பின்சுவரோடு சேர்ந்துவிடும். நூறு வருஷத்தில் வெளித்தரை உள்தரையை விட இரண்டடி மேலே ஏறியிருக்கும். அந்த மண்ணை வாரிவிட்டு ஒரு காலுவாய் எடுக்காமல் உள்ளே என்ன பூசினாலும் வீண். நான் பார்த்த முக்கால்வாசி ஓத வீடுகளுக்கு மருந்து மண்வெட்டிதான், பெயிண்ட் இல்லை.

விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள். பழைய விரிசல் செத்த பாம்பு. உயிரோடு இருக்கிற விரிசல்தான் ஆபத்து. விரல் நீளத்துக்கு ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையும் நன்றாக ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு ஐப்பசி மழை தாண்டியும் உடையவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கரண்ட்காரர் | ஜூலை 7, மாலை 5.05

தம்பி, நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரை மணி நேர வேலை சொல்கிறேன், செய்துவிட்டு வாருங்கள். மீட்டர் பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் மட்டும் இருக்கிறதா? வயர் மரப்பட்டி மேல் ஓடுகிறதா? பிளக்கில் இரண்டு ஓட்டைதானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எர்த் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயரிங்கில் ஹீட்டர், கீசர் எதையும் மாட்டாதீர்கள். ஈரச் சுவர், மரக் கூரை, எர்த் இல்லாத இணைப்பு, மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. முழு வயரிங்கும் மாற்றி, மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்ட பிறகுதான் அம்மாவைக் கூட்டிவர வேண்டும். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். செத்துப்போன தாத்தா பெயரில் இருந்தால் லோடு கூட்டுவதற்குள் உங்களுக்கு நரைத்துவிடும்.

பூண்டுவாசம் | ஜூலை 8, காலை 11.40

நான் நீலகிரி இல்லை, கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை தாண்டி ஒரு ஊரில் இரண்டு வருஷம் பழைய கல்வீட்டில் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன், மனைவியை பயமுறுத்துவதற்காக அல்ல.

முதல் ஆடியில் உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பு பத்து நாளில் பச்சை பூத்துவிட்டது. புத்தகமெல்லாம் பூஞ்சணம். அதற்கெல்லாம் பழகிவிட்டேன், வேறு விஷயம்தான் பழகவில்லை. வீட்டு உரிமையாளர், மே மாதம் வந்தால் போதும், "சொந்தக்காரங்க வர்றாங்க, பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்பார். பெரியவர் சொல்கிறாரே என்று போய்விடுவேன். 2018 ஆகஸ்டில் குறிஞ்சி பூத்தபோது மூன்று வாரம் வெளியே இருக்கச் சொன்னார். திரும்பி வந்தால் என் போர்வையில் யாரோ கொட்டிய குருமா. என் வீட்டை நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கிற பூவைப் பார்க்கத்தான் நான் அங்கே குடிபோனதே. அதை அனுபவித்தது முகம் தெரியாத யாரோ. அடுத்தது 2030.

ஒப்பந்தத்தில் 'வீட்டுக்காரர் இடையில் உபயோகிக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். எனக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்.

சரி, நல்லதும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் காலை பத்து மணி வெயில் திண்ணைக் கண்ணாடி வழியே தரையில் விழும். அந்தச் சதுரத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பதற்கு ஈடாக எனக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. மேல்மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் 2019-இல். அதன் வாசம் என் கையில் ஏறியது அதற்கு முன்பே, பெயரைப் பார்த்தாலே தெரியும்.

லாபக்கணக்கு | ஜூலை 8, இரவு 8.10

எல்லாரும் ஏன் இப்படி பயப்படுகிறீர்கள்? 16,000-க்கு எடுத்து, நீங்கள் கோவை போகும் நாட்களில் ஒரு அறையை ஹோம்ஸ்டே விட்டால் வாடகை தானாக வந்துவிடும். 'சுதந்திரத்துக்கு முந்தைய வீடு' என்று போட்டால் அள்ளும்.

தேயிலைக்காரன் | ஜூலை 8, இரவு 9.55

மேலே எழுதியவருக்கு: உங்களைப் போன்றவர்களால்தான் எங்கள் ஊரில் வாடகைக்கு வீடு என்றாலே கதவைச் சாத்துகிறார்கள்.

நான் படுகர், ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். எங்கள் ஹட்டிக்குள், அதாவது படுகர் ஊருக்குள், வெளியாட்களுக்கு வீடு கிடைப்பது அபூர்வம். ஹட்டிக்கு வெளியே தோட்டத்தில் நிற்கும் பழைய குவார்ட்டர்ஸ்தான் வாடகைக்கு வரும். ஒரு குடும்பத்தை நம்பி அந்த அம்மா சாவி கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துப் பேர் பாட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இன்னொன்று, வீட்டு மின் இணைப்பில் விருந்தினர் வியாபாரம் செய்யக்கூடாது, அதற்கு வேறு கட்டணம், வேறு பதிவு. பிடிபட்டால் அபராதம் அவர் பெயரில்தான் வரும்.

சிங்காநல்லூர் அண்ணா, உங்களுக்கு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. ஊற்றா, பஞ்சாயத்துக் குழாயா, எத்தனை நாளைக்கு ஒரு முறை? மார்ச், ஏப்ரலில் என்ன நிலைமை? இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கும் அக்காக்களிடம் கேளுங்கள்.

பிறகு கரடி. சிரிக்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் வாசனைக்குக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வரும், கோவில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக்கூட விடாது. சமையலறைப் பின்கதவு எப்படி இருக்கிறது? காட்டுமாடு சாயங்காலம் தேயிலைக்குள் படுத்திருக்கும், பார்த்தால் நின்று வழிவிடுங்கள், செல்ஃபி எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

சிங்காநல்லூரான் | ஜூலை 21, இரவு 9.30

நேற்று நாள் முழுக்க அங்கேயே இருந்தோம். நீங்கள் சொன்னதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மனைவி அதற்கு 'மாப்பிள்ளை பார்க்கிற லிஸ்ட்' என்று பெயர் வைத்தாள்.

ஓடு: பழைய பாதை அவர்கள் சொன்னது சரி. பத்து ஓடு திருப்பிப் பார்த்தேன். ஏழில் 1865-உடன் காமன்வெல்த் டிரஸ்ட் என்று இருக்கிறது. மூன்று வேறு கம்பெனி. அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், கோபித்துக்கொள்வாரோ என்று பயம். அவர் சிரித்துவிட்டு, "எங்க மாமியார் 'கணக்கப்பிள்ளை வீடு'ன்னுதான் சொல்வாங்க. துரை கதை எங்க வீட்டுக்காரர் சொன்னது" என்றார். பெரிய எஸ்டேட் ஒன்றின் கணக்கப்பிள்ளைக்குக் கட்டிய குவார்ட்டர்ஸாம். திண்ணை ஓரத்தில் சுவரோடு ஒரு சின்ன ஜன்னல், முழங்கை போகிற அளவுதான். அதன் வழியாகத்தான் சனிக்கிழமை சம்பளம் கொடுப்பார்களாம். ஜன்னல் பலகை நடுவில் வழுவழுவென்று குழிந்திருக்கிறது. எத்தனை கை அதில் உராய்ந்திருக்கும்! எனக்கு துரையை விட இந்தப் பலகை பிடித்துவிட்டது.

சுவர்: உள்ளங்கைச் சோதனை. முன்பக்கம் காய்ந்திருக்கிறது. பின்பக்கப் படுக்கையறையில் இடுப்புவரை ஈரம், சிமெண்ட் பூச்சு, கொப்புளம், வெள்ளைத்தூள் எல்லாம் அப்படியே. வெளியே போய்ப் பார்த்தால் மண் ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியிருக்கிறது. அந்த மண்ணில் ஒரு பேரிக்காய் மரமே நிற்கிறது.

மின்சாரம்: மூன்று கேள்விக்கும் ஆமாம்.

தண்ணீர்: ஊற்று. இலை பறிக்கும் அக்கா ஒருவர், "ஏப்ரல்ல விரல் தண்டி வரும், நிக்காது" என்றார். வீட்டுக்கார அம்மா சொன்னதும் அதேதான், பொய் சொல்லவில்லை.

விரிசல் ஒன்று, சமையலறை மூலையில், மேலே அகலம், கீழே ஒன்றுமில்லை. கண்ணாடி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது என்ன செய்வது?

கொத்தனார் மகன் | ஜூலை 21, இரவு 10.20

பின்பக்கம் மண் எடுத்து, கல் அடுக்கிக் காலுவாய், உள்ளே இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளையடிப்பு. வயரிங் தனி. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபது வரும். பேரிக்காய் மரத்தைத் தொடாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, பட்டா நிலத்து மரமானாலும் கேட்காமல் வெட்டக்கூடாது. காலுவாயை மரத்தைச் சுற்றி வளைத்து எடுக்கலாம்.

அந்த அறையில் அம்மாவைப் படுக்க வைக்காதீர்கள். பூசிய பிறகும் சுவர் காய ஆறு மாதம் ஆகும்.

சும்மா எட்டிப்பார்த்தேன் | ஜூலை 21, இரவு 10.44

வாடகையும் கொடுத்து வீட்டையும் கட்டிக் கொடுக்கிறீர்களா? கீழே கோத்தகிரி டவுனில் காங்கிரீட் வீடு கிடைக்குமே அண்ணா. கார் நிறுத்த இடத்தோடு.

முத்திரைத்தாள் | ஜூலை 22, காலை 8.15

சும்மா எட்டிப்பார்த்தவர் கேட்டது சரியான கேள்வி. யார் பணம், எப்படித் திரும்பும், இதுதான் பேச வேண்டியது. எனக்கு இருபது வருஷமாகப் பத்திரம் எழுதும் வேலை.

எல்லோரும் ஏன் 11 மாதம் போடுகிறார்கள் தெரியுமா? ஒரு வருஷத்தைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், 1908 பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து 11 மாதம். ஒன்றும் செலவு செய்யாமல் குடியிருப்பவருக்கு அது போதும். சுவரைக் கொத்திப் பணம் போடப் போகிறவருக்கு 11 மாதம் என்பது மண்குதிரை. பன்னிரண்டாம் மாதம் "என் பையன் வர்றான்" என்றால் உங்கள் சுண்ணாம்பும் வயரும் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பதிவு செய்யுங்கள். வேலைக்கான செலவை எழுதி, மாதா மாதம் வாடகையில் கழியும்படி வையுங்கள். எந்த வேலை யார் பொறுப்பு என்று பிரியுங்கள். கூரை, சுவர், சிம்னி அவருடையது, பல்பும் குழாயும் உங்களுடையது. பூண்டுவாசம் அம்மா சொன்ன வரியைச் சேருங்கள். முன்பணம் ஒன்றரை லட்சம் அதிகம். 2017 வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அது நகர்ப்புறத்தை மனத்தில் வைத்து எழுதியது, இருந்தாலும் பேசும்போது அளவுகோலாகக் காட்டலாம்.

கையெழுத்துக்கு முன் பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது மூன்றையும் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இன்னும் ஒரு கேள்வி உண்டு: நிலம் 1969 கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் (உரிமைச் சிக்கல் தீராத நிலம்) வருகிறதா? வந்தால் வாடகைக்கும் தள்ளி நில்லுங்கள்.

பழைய சாமான்களைப் படம் பிடித்துப் பத்திரத்தோடு சேருங்கள். கணப்புக் கம்பி, பித்தளைக் கொண்டி, பூட்டு, எல்லாம்.

தேயிலைக்காரன் | ஜூலை 22, மதியம் 12.30

சட்டமெல்லாம் சரி. அந்த அம்மாவிடம் தாளை நீட்டுவதற்கு முன் ஒரு தேநீர் குடியுங்கள். பையனையோ தம்பியையோ கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர் பத்திரம், பதிவு என்று ஆரம்பித்தால் நிலத்தையே எழுதி வாங்குகிறாரோ என்று பயந்துவிடுவார்கள். என் சித்தி அப்படித்தான் ஒரு நல்ல குடித்தனக்காரரைத் துரத்திவிட்டார்.

சிங்காநல்லூரான் | ஆகஸ்ட் 18, இரவு 10.05

முடிந்தது. தேயிலைக்காரன் அண்ணா சொன்னபடியே. வீட்டுக்கார அம்மாவின் தம்பி வந்திருந்தார், மூன்று தேநீர் ஆயிற்று. வாடகை 12,000. முன்பணம் 36,000. மூன்று வருஷம், பதிவு செய்தாகிவிட்டது. வேலைக்கு நான் போடும் 1,20,000-ஐ மாதம் 4,000 வீதம் 30 மாதம் கழிப்பது, ஆக கையில் கொடுப்பது 8,000. '1865' போனதால்தான் வாடகை இறங்கியது என்று மனைவி சொல்கிறாள். எனக்கென்னவோ கணக்கப்பிள்ளை வீடு என்றதும் அந்த அம்மாவுக்கே கூச்சம் விட்டுப்போன மாதிரி தோன்றியது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சம்பள ஜன்னலை அடைக்கக்கூடாது, பலகையை மாற்றக்கூடாது. பத்திரத்தில் அதையும் எழுதச் சொன்னார்.

வண்டி கோவைப் பதிவு என்பதால் ஏறும்போதெல்லாம் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. நீலகிரிப் பதிவான TN 43 நம்பர்காரர்களுக்கு அந்த வேலை இல்லை, பொறாமையாக இருக்கிறது. நான் பாதி நாள் மேட்டுப்பாளையத்தில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுகிறேன்.

பூண்டுவாசம் | ஆகஸ்ட் 19, காலை 7.20

அந்த ஒரு வரி சேர்த்தீர்களா?

சிங்காநல்லூரான் | ஆகஸ்ட் 19, காலை 7.45

சேர்த்தாயிற்று அக்கா. ஏழாவது வரி. உங்கள் குருமாவை நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

சிங்காநல்லூரான் | அக்டோபர் 12, இரவு 8.50

அவசரம். கணப்பில் முதல் தடவை நெருப்புப் போட்டோம். புகை முழுக்க அறைக்குள். அம்மாவை முன் திண்ணைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறேன். மேலே ஏதோ அடைப்பா? இதை விட்டுவிட்டுக் கரியடுப்புச் சட்டி வைத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்கிறாள்.

கரண்ட்காரர் | அக்டோபர் 12, இரவு 8.58

கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்! கதவைச் சாத்திக் கரி மூட்டித் தூங்கி மறுநாள் எழாதவர்கள் செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வந்துகொண்டேதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது, தூக்கம் மட்டும் வரும். இன்றைக்கு நெருப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். வீசிங் இருக்கிறவருக்கு சிம்னி சரியாகும்வரை அந்த அறையே வேண்டாம்.

கொத்தனார் மகன் | அக்டோபர் 12, இரவு 9.30

கரண்ட்காரர் ஐயா சொன்னதுதான். நாளைக்கு வெளிச்சத்தில், கணப்புக்குள் தலையை விட்டு மேலே பாருங்கள். வானம் தெரிந்தால் அடைப்பு இல்லை. தெரியாவிட்டால் குருவிக்கூடு. வருஷக்கணக்கில் நெருப்புப் போடாத சிம்னியில் கூடு இல்லாமல் இருக்காது.

வானம் தெரிந்தும் புகைந்தால், குளிர்ந்த காற்று சிம்னிக்குள் கட்டையாக நிற்கிறது என்று அர்த்தம். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி கணப்பின் மேல்வாயில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். இழுக்க ஆரம்பித்ததும் விறகைப் பற்றவையுங்கள். விறகு என்ன? பச்சைச் சீகையா (வாட்டில் மரம்)? வெட்டி ஆறு மாதமாவது காய்ந்த சீகை வேண்டும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சீக்கிரம் பிடிக்கும், ஆனால் படபடவென்று பொறி தெறிக்கும், கம்பளம் பத்திரம்.

சிங்காநல்லூரான் | அக்டோபர் 13, மாலை 6.10

வானம் தெரியவில்லை. கூடு ஒன்றல்ல, அடுக்கடுக்காக ஒரு கோணிப்பை நிறைய. உள்ளே யாருடையதோ தலைமுடி ரிப்பன் ஒன்று, சிவப்பு நிறம் இன்னும் போகாமல். பாதிதான் வந்திருக்கிறது, மீதி கைக்கு எட்டவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், தங்கை வீட்டுக்குக் கீழே அனுப்பிவிட்டேன்.

பழைய பாதை | அக்டோபர் 13, இரவு 7.00

ரிப்பனைத் தூக்கிப் போடாதீர்கள்.

சிங்காநல்லூரான் | டிசம்பர் 14, காலை 9.20

ரொம்ப நாளாக எழுதவில்லை. நவம்பர் முழுக்க மழை. இங்கே வடகிழக்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும் என்று ஊரில் சொன்னபோது தலையாட்டினேன், அனுபவித்தது இப்போதுதான். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் அன்றைக்குத் தான் எங்கே நின்றோம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு ராத்திரி நானும் தூங்கவில்லை. பின்பக்கக் காலுவாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஓடுகிறவரை சரி, சத்தம் நின்றால்தான் எழுந்து டார்ச்சோடு போக வேண்டும். ஒரு தடவை போனேன், பேரிக்காய் இலை அடைத்திருந்தது.

சமையலறைக் கண்ணாடி உடையவில்லை. 'ஜூலை 20' என்று எழுதிய பென்சில் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பின்னறைச் சுவரில் ஈரம் முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. கரடி ஒரு முறை வந்தது, பின்கதவில் நகக்கீறல் நான்கு. உள்ளே வரவில்லை. நல்லெண்ணெய் டின்னை இப்போது இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

வீட்டுக்கார அம்மா ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார், ஜனவரியில். வெள்ளை உடுத்தி வரச் சொன்னார். போன வாரம் வந்தபோது ரிப்பனைக் காட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சம்பள ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுப் போனார், அங்கேயே இருக்கிறது.

அம்மா பொங்கலுக்கு வருவதாகச் சொல்கிறார். முன்னறைதான் அவருக்கு. அதற்குள் சிம்னியில் மிச்சமிருக்கிற கூட்டை எடுத்தாக வேண்டும். கோத்தகிரிப் பக்கம் சிம்னி துப்புரவாக்குகிற ஆள் யாராவது உண்டா?

கொத்தனார் மகன் | டிசம்பர் 14, காலை 10.02

ஆள் எதற்குண்ணா, நானே வெள்ளிக்கிழமை வருகிறேன். இருபதடி ஏணி இருக்கா? ஓட்டின் மேல் கால் வைக்காமல் ஏற வேண்டும்.

தேயிலைக்காரன் | டிசம்பர் 14, காலை 10.40

ஏணி என்னிடம் இருக்கிறது. மூங்கில் ஏணி, கொஞ்சம் ஆடும்.